பூக்களின் பள்ளத்தாக்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: நாள் கணக்கு, அனுமதிச் சீட்டு, செலவு, மழை

உத்தரகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பள்ளத்தாக்கைப் பார்க்கவே இல்லை. பூங்காவுக்குக் கீழே இருக்கும் கங்காரியா என்ற ஊர் வரை நடந்து, ராத்திரி ஏழு மணிக்கு நனைந்துபோய் ஒரு அறையில் விழுந்து, காலையில் தாமதமாக எழுந்து, பரோட்டா சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால், பூங்கா வாசலில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கீழே இறங்கியாக வேண்டும், ஏனென்றால் திரும்பும் டிக்கெட்டுக்கு நடுவில் ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அத்தனை தூரம் போய், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அடுத்த வருஷம் மறுபடி போனேன், இந்த முறை எல்லாவற்றையும் நானே விசாரித்து, நாள் கணக்கு போட்டு. இரண்டு பயணத்திலும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறையாகப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஐந்து மாதமும் பூ இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூனில் போனால் பாதையில் பனி கிடக்கும், பூ குறைவு. அக்டோபரில் புல் பழுத்துப் பழுப்பாகிவிடும், கங்காரியாவில் கடைகளும் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்துவிடும். பூவுக்கென்றே போகிறீர்கள் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள் போக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அதே ஆறு வாரம்தான் அங்கே பெருமழைக் காலம். மழை வேண்டாம், பூ மட்டும் வேண்டும் என்றால் நடக்காது. மழையில் நனைய மனமில்லாதவர்கள் செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தில் போகலாம், பூ குறைந்திருந்தாலும் மழையும் குறைந்து, வானம் தெளியும்போது சுற்றியுள்ள பனிமலைகள் தெரியும். நான் ஆகஸ்ட் முதல் வாரம் போனேன். மறுபடி போனாலும் ஆகஸ்டில்தான் போவேன்.

2. நாள் கணக்கு: ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷ் வரை ஒன்பது நாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் நாள் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட். சுமார் 250 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலை என்பதால் பத்து மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். இரண்டாம் நாள் ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட், அங்கிருந்து புல்னா, புல்னாவிலிருந்து நடந்து கங்காரியா. மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு. நான்காம் நாள் ஹேம்குண்ட் சாகிப், அது கங்காரியாவுக்கு மேலே ஏரிக்கரையில் இருக்கும் சீக்கியர்களின் குருத்வாரா. ஐந்தாம் நாள் மறுபடி பள்ளத்தாக்கு, ஏனென்றால் மூன்றாம் நாள் மூடுபனியில் எதுவுமே தெரியாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆறாம் நாள் இறங்கி ஜோஷிமட். ஏழாம் நாள் ரிஷிகேஷ்.

மீதி இரண்டு நாளை அப்படியே சும்மா விடுங்கள். அது நிலச்சரிவுக்கான நாள். இந்தச் சாலையில் ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, உத்தரகண்டிலேயே இருக்கும் ஊர்) ருத்ரபிரயாகைக்கும் நடுவில் சிரோபகட் என்று ஓர் இடம் இருக்கிறது, பல வருஷமாகச் சரிந்துகொண்டே இருக்கும் மலை அது. இதுபோல இன்னும் சில இடங்கள் உண்டு. எங்கே அடைத்துக்கொள்ளும், எப்போது திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பயண ஏற்பாட்டாளர்கள் 'ஐந்து நாளில் முடித்துவிடலாம் சார்' என்று சொல்வார்கள். சாலை திறந்திருந்து, மழை விட்டு, உங்கள் காலும் வலிக்காமல் இருந்தால் முடியும்தான். இந்த மூன்றும் ஒரே வாரத்தில் அமைவதை நான் பார்க்கவில்லை.

லீவு கிடைக்கவில்லையா? அப்படியென்றால் ஹேம்குண்டை விட்டுவிடுங்கள். சும்மா விட்ட இரண்டு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

3. காகிதங்கள்

மூன்று விஷயம்தான். ஒன்று, ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை, அசலும் இரண்டு ஜெராக்ஸும். போனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சிக்னலும் சார்ஜும் இல்லாத இடத்தில் அது கைகொடுக்காது.

இரண்டு, யாத்திரைப் பதிவு. பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு கோயில்களுக்குப் போகும் சார்தாம் யாத்திரைக்கு உத்தரகண்ட் அரசு வைத்திருக்கும் அதே இணையப் பதிவில்தான் ஹேம்குண்ட் சாகிபும் வருகிறது. கட்டணம் கிடையாது. ஊரிலிருந்தே செய்து, வரும் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் 25 கிலோமீட்டர்தான், அதனால் நம் ஊர்க்காரர்கள் பலரும் அங்கே போனபிறகு 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பெருமாளையும் சேவித்துவிடலாம்' என்று கிளம்புவார்கள். அந்த எண்ணம் துளி இருந்தாலும் பத்ரிநாத்துக்கும் முதலிலேயே பதிந்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால், தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரிநாத் மூன்றுமே இதே சாலையில் இருக்கும் திவ்யதேசங்கள். அவர்கள் மலையேறாமல் ஜோஷிமட்டில் தங்கிக்கொள்ளலாம், அவர்களுக்கும் பயணம் வீணாகாது.

மூன்று, பூங்கா அனுமதிச் சீட்டு. கங்காரியாவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வனத்துறைச் சாவடி இருக்கிறது, அங்கேயே கொடுக்கிறார்கள். ஒரு சீட்டு மூன்று நாளுக்குச் செல்லும். நாங்கள் போனபோது இந்தியர்களுக்கு 150 ரூபாய். பிறகு ஏற்றியிருக்கிறார்கள், ஆளுக்கு 250 என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை உள்ளே போகும்போது பழைய சீட்டைக் காட்டினால் போதும், ஆகவே மழையில் கரைந்துபோகாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், சில மடங்கு கூடுதல். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் தேவைப்படும்.

4. டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. சென்னையிலிருந்து டில்லி வரை ரயிலில் போனால் இரண்டு இரவு வண்டியிலேயே போய்விடும். டில்லியிலிருந்து ஹரித்வாருக்கு ரயிலும் பேருந்தும் நிறைய இருக்கின்றன. விமானம் என்றால் டேராடூன் விமான நிலையத்தில் இறங்குங்கள், அது டேராடூன் ஊரைவிட ரிஷிகேஷுக்குத்தான் பக்கம்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட், பத்ரிநாத் பேருந்துகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். எட்டு மணிக்குப் போய் நின்றால் பாதி வழி போகும் ஜீப்தான் கிடைக்கும். முந்தின நாள் மாலையே பேருந்து நிலையத்துக்குப் போய் இருக்கை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அந்த மலைச்சாலையில் யாத்திரை வண்டிகளை ஓடவிடுவதில்லை, அதனால் 'ராத்திரி பஸ் பிடித்துத் தூங்கிக்கொண்டே போய்விடலாம்' என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது.

திரும்பும் டிக்கெட்டை ஒன்பதாம் நாளுக்குப் பின்னால் போடுங்கள். முன்னதாக வந்துவிட்டால் ரிஷிகேஷில் கங்கைக்கரையில் இரண்டு நாள் இருக்கலாம், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

5. உடம்பு

ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீங்கள் படுத்துத் தூங்கப்போகும் கங்காரியாவே அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். ஹேம்குண்ட் நாலாயிரம் மீட்டருக்கு மேல். கடற்கரை ஊரிலிருந்து போகும் நமக்கு அது சின்ன விஷயமில்லை.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர்களுக்குக் கால் பலம் போதும், மூச்சுதான் புதிதாக இருக்கும். மற்றவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள், வாரத்தில் நாலு நாள், முதுகில் ஐந்து கிலோ பையோடு மாடிப்படி முக்கால் மணி நேரம். இறங்குவதையும் சேர்த்துப் பழகுங்கள், ஏனென்றால் அங்கே பலருக்கும் முழங்கால் போவது இறங்கும்போதுதான்.

ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கச் சொன்னதற்கும், ஹேம்குண்டுக்கு முன்னால் பள்ளத்தாக்கை வைத்ததற்கும் காரணம் இதுதான், உடம்பு படிப்படியாக உயரத்துக்குப் பழக வேண்டும். தலைவலி, குமட்டல் வந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது, குறையவில்லை என்றாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

6. பை

மழைக்கோட்டு, அதுவும் முதுகுப் பையோடு சேர்த்து மூடும் போஞ்சோ. காட்டன் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. ஒரு ஸ்வெட்டர், குல்லா, டார்ச், அவரவர் மாத்திரைகள், ஓஆர்எஸ். தின்ன கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். பூங்காவுக்குள் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. உறைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஷூவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கங்காரியாவில் ஆகஸ்டில் வெயில் என்று ஒன்று வருவதே அபூர்வம். எல்லா அறையும் ஈரம், போர்வைகூடச் சில்லென்று இருக்கும். சாயங்காலம் நனைந்த ஷூ காலையிலும் அப்படியே நனைந்துதான் இருக்கும், அதற்குள் காலை விடும்போது ஐஸ் தண்ணீரில் விட்டது போல இருக்கும், அந்த ஈரத்தோடு ஆறு கிலோமீட்டர் ஏறினால் குதிகாலில் தோல் உரிந்துவிடும். நாங்கள் தங்கிய இடத்தில் சமையல்கார அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான் கடைசிவரை உதவியது. உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் முனைவரை திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று ஆகிவிடும். எடுத்துப் போட்டுவிட்டு வேறு தாள். படுப்பதற்குள் மூன்று தடவை மாற்றினால் காலையில் ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் இருக்காது. ஆகவே ஊரிலிருந்தே ஒரு வாரத்துச் செய்தித்தாளைப் பையின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள், சாக்ஸ் ஐந்து ஜோடி. புது ஷூவை அங்கே போய்த்தான் முதலில் போடுவது என்று இருக்காதீர்கள், ஒரு மாதமாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும்.

7. பணம்

ஜோஷிமட்டிலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளுங்கள். கங்காரியாவில் ஏடிஎம் இல்லை, சிக்னல் வந்து வந்து போகும், சிக்னல் இல்லாதபோது போனில் பணம் அனுப்பவும் முடியாது. நாங்கள் இரண்டு பேர் ஓர் அறையில் தங்கி, ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷ் வரை ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். ஆளுக்கு 15,000 ரொக்கமாக வைத்துக்கொண்டால் நிம்மதி. நூறு, ஐம்பது நோட்டாக நிறைய வேண்டும், ஏனென்றால் ஒரு வாளி வெந்நீர், போன் சார்ஜ் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். எல்லாப் பொருளும் கோவேறு கழுதை முதுகில் ஏறி வருவதுதான், அந்த விலைக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

கங்காரியா குருத்வாராவில் இலவசமாகத் தங்கலாம், சாப்பிடலாம். தலையில் துணி கட்டிக்கொண்டு போக வேண்டும். யாத்திரைக் கூட்டம் அதிகமான நாளில் இடம் கிடைப்பது கஷ்டம், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

8. புல்னாவிலிருந்து கங்காரியா

கோவிந்த்காட்டிலிருந்து புல்னாவுக்கு 4 கிலோமீட்டர் ஷேர் ஜீப். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் நடை. ப்யூந்தார் கிராமம் வரை ஆற்றை ஒட்டி ஏற்றமும் சமமுமாகப் போகும், அங்கே பாலம் தாண்டியபிறகு கடைசிவரை ஏற்றம்தான். பழகாதவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டுக்குள் நடக்க ஆரம்பிக்க முடியவில்லை என்றால் அன்று ஏறாதீர்கள். முதல் தடவை நாங்கள் செய்த தவறு அங்கேதான் ஆரம்பித்தது, ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம், கடைசி ஒரு மணி நேரம் மழையில், கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

கோவேறு கழுதை, கூடையில் ஆளைத் தூக்கிச் செல்பவர், சுமைக்காரர் எல்லாம் கிடைக்கும். விலைப்பலகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். என் யோசனை, இரண்டு பேர் பையைச் சேர்த்து ஒரு சுமைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசி நடங்கள். கழுதைகள் எதிரே வந்தால் எப்போதும் மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். மூங்கில் கம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

9. பள்ளத்தாக்கு நாள்

சாவடி காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஆறே முக்காலுக்கு அங்கே நில்லுங்கள். மதியத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், சாயங்காலம் ஐந்துக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், இரவு தங்க அனுமதி அறவே இல்லை. ஒன்பது மணிக்குப் போனாலும் உள்ளே போகலாம்தான். ஆனால் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குமேல் பெரும்பாலும் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. சீக்கிரம் போகச் சொல்வது அதனால்தான்.

முதலில் காடு, அப்புறம் புஷ்பாவதி ஆற்றின் மேல் பாலம், அதைத் தாண்டியதும் செங்குத்தான கல்பாதை. இந்த ஏற்றத்தில்தான் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், அதுதான் அன்றைய நாளின் கடைசிக் கஷ்டம். அது முடிந்ததும் பாதை சமமாகிப் புல்வெளி திறக்கும். நாங்கள் போனபோது இளஞ்சிவப்பில் ஒரு காசித்தும்பை, நம் வீட்டுத் தொட்டியில் முழங்கால் உயரம் வளருமே அந்த இனம்தான், அங்கே என் தோள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் நின்றது. பாதை ஒற்றை ஆள் அகலம். செடிகளை விலக்கி நடக்கும்போது ஒவ்வொரு பூவிலும் தேங்கியிருந்த தண்ணீர் கையில் கொட்டியது, இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டேன். அந்த நனைவு மட்டும் எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியலாளரின் கல்லறை உள்ளே இருக்கிறது, 1939இல் அங்கே வழுக்கி விழுந்து இறந்தவர். முதல்முறை போகிறவர்கள் அதுவரை போய்த் திரும்பினால் நல்ல அளவு. ஒன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், புல்லுக்கு அடியில் குழியும் கல்லும் இருப்பது தெரியாது, மிதிபடும் செடிக்குப் பூக்க அந்த ஒரு பருவம்தான். பறிப்பது கூடவே கூடாது.

10. ஹேம்குண்ட் சாகிப்

கங்காரியாவிலிருந்து 6 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். மேலே தங்க முடியாது, மதியம் இரண்டுக்குள் கீழே இறங்க ஆரம்பிக்கச் சொல்லிவிடுவார்கள். கோவேறு கழுதை இந்தப் பாதையில் கிடைக்கும், பள்ளத்தாக்குக்குள் கிடையாது. முழங்கால் வலி இருப்பவர்கள் ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு நடந்து இறங்கலாம் என்று சொல்வார்கள், நான் நேர்மாறாகச் சொல்வேன், உங்கள் முழங்காலுக்கு இறக்கம்தான் பகை.

பிரம்மகமலம் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான். நம் வீடுகளில் ராத்திரியில் பூக்கும் வெள்ளைப் பூவைப் பிரம்மகமலம் என்று சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறோம், அது வேறு, அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி இனம். இமயத்துப் பிரம்மகமலம் வெளிர்பச்சை மடல்கள் காகிதம் போல மூடியிருக்க, பாறை இடுக்கில் பகலிலேயே நிற்கும். ஆகஸ்டில் ஏரிக்குக் கொஞ்சம் கீழேயே பாதையோரம் தெரிய ஆரம்பிக்கும். மேலே லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவச உணவுக்கூடத்தில், கொடுக்கும் சூடான டீயையும் கிச்சடியையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

11. திரும்பும் வழி

கங்காரியாவிலிருந்து காலை ஏழுக்குள் இறங்க ஆரம்பித்தால் மதியத்துக்குள் புல்னா. அன்றே ரிஷிகேஷ் போய்விடலாம் என்று வாடகை வண்டிக்காரர் யாராவது கூப்பிடுவார், போகாதீர்கள். ஜோஷிமட்டில் தங்கி, விடுதியில் சாலை நிலவரம் கேட்டுவிட்டு விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். மலைச்சரிவில் கல் உருண்டுகொண்டிருக்கும் இடத்தில் போலீஸ்காரர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினால், இறங்கி முன்னால் போய்ப் படம் எடுக்காதீர்கள். இரண்டாம் தடவை எங்கள் பேருந்து அப்படி நின்றது. ஜேசிபி மண்ணை அள்ள அள்ள மேலேயிருந்து மறுபடி இறங்கிக்கொண்டே இருந்தது, காலை பத்து மணிக்கு நின்ற வண்டி மறுநாள் காலை எட்டுக்குத்தான் நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த குடும்பம் அன்றிரவு விமானத்தைத் தவறவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தது. எங்களுக்கு டிக்கெட் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான். சாலையோரக் கடையில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, பேருந்திலேயே தூங்கினோம்.